16இல் மாயூரம், 25இல் கும்பகோணம், 48இல் சென்னை

எந்த வயதில் எந்த ஊரில் இருப்பது நல்லது என்ற கேள்வி இப்போது என் வயதுக்காரர்கள் நடுவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பாதிக்கிற வரைக்கும் பெங்களூரு, பிள்ளைகள் படிப்புக்குச் சென்னை, ரிட்டயர் ஆனால் கோயம்புத்தூரோ ஸ்ரீரங்கமோ என்று ஆளுக்கொரு கணக்கு. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், தண்ணீர், ஆஸ்பத்திரி என்று எக்செல் ஷீட் போட்டு ஊர்களுக்கு மார்க் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பழைய காலத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. அதற்கு உ.வே.சாமிநாதையரை விட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். 1855இல் பிறந்து 1942இல் இறந்தவர். இடைப்பட்ட 87 வருஷத்தில் அவர் குடியிருந்த ஊர்களை எண்ணினால் ஒரு டஜனுக்கு மேல் வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஏன் போனார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார், யார் உதவினார்கள் என்று 'என் சரித்திர'த்தில் அவரே விலாவாரியாக எழுதியும் வைத்திருக்கிறார்.

முதல் சில ஊர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அப்பா வேங்கடசுப்பையர் தேர்ந்தெடுத்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம், பாபநாசம் பக்கம். அப்பா சங்கீத வித்வான், கனம் கிருஷ்ணையரிடம் படித்தவர். கிராமம் கிராமமாக இராமாயணப் பிரசங்கம் செய்து அதில் வருகிற நெல்லிலும் காசிலும் குடும்பத்தை நடத்தியவர். பையனுக்குத் தமிழில் பைத்தியம் என்று தெரிந்த பிறகு குடும்பம் மூட்டை கட்டின ஊர்களைப் பாருங்கள்: அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஊருக்கு ஒரு வாத்தியார். ஒருவரிடம் இருப்பது தீர்ந்ததும் அடுத்த ஊர். இன்றைக்குக் கோச்சிங் சென்டருக்காக வீடு மாற்றுகிற பெற்றோரைக் கிண்டல் செய்கிறோம், 1860களில் இந்த மனுஷர் கையில் காசே இல்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குப் பிள்ளை சங்கீதம் படிக்கவேண்டும் என்றுதான் ஆசை. தன் ஆசைக்கு விரோதமான படிப்புக்காக அவர் ஊர் மாறினார்.

விருத்தாசல ரெட்டியார் ஒரு கட்டத்தில், இனி நீ போக வேண்டிய இடம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் என்கிற மாதிரி கைகாட்டிவிட்டார். பிள்ளை அப்போது மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) இருந்தார். 1871இல், 16 வயதில், சாமிநாதன் அங்கே போய்ச் சேர்கிறார். சாமிநாதன் என்ற பெயரே பிள்ளை சொல்லி நிலைத்ததுதான், அதுவரை வேங்கடராமன். மாயூரத்தை ஊராக வைத்து மார்க் போட்டால் பெரிதாக ஒன்றும் வராது. தெரிந்த வருமானம் கிடையாது, பிராமணப் பையனுக்குப் பிள்ளையின் வீட்டில் சாப்பாடு போட முடியாது, அந்தச் செலவுக்கு அப்பா வெளியூரில் அலைந்து பணம் தேட வேண்டும். ஆனால் தமிழ்நாட்டிலேயே அன்றைக்குப் பெரிய தமிழ் ஆசிரியர் என்று பேர் வாங்கியவர் அந்த ஊரில் இருந்தார். கணக்கு அதோடு முடிந்தது.

அதே மாயூரத்தில் 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். அப்பா சொன்னபடி பையன் அவரிடமும் சங்கீதம் கற்கப் போகிறான். விஷயம் பிள்ளைக்குத் தெரிய வருகிறது. சங்கீதத்தில் ருசி கண்டால் தமிழ்ப் படிப்பு பின்னால் போய்விடும் என்பது அவர் எண்ணம். பையன் சங்கீதத்தை விட்டுவிடுகிறான். எனக்கு இந்த இடம் வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தும். 16 வயதில் ஒரே ஊரில் அப்படி இரண்டு பேர் கிடைத்தால் இருவரிடமும் கற்றால் என்ன என்றுதான் தோணும். அப்பாவின் ஒரே ஆசை அங்கே மாயூரத்துத் தெருவில் முடிந்துபோனது.

பிள்ளையோடு சேர்ந்து அடுத்த ஊர் திருவாவடுதுறை. சைவ ஆதீனம், சுப்பிரமணிய தேசிகர் தலைவராக இருந்த காலம். சாப்பாட்டுக் கவலை விட்டது. மடத்தில் சுவடிகள், வித்வான்கள், வந்துபோகிற பிரபுக்கள். பிள்ளை 1876 பிப்ரவரி 1ஆம் தேதி காலமான பிறகும் தேசிகர் இவரை விடவில்லை, மடத்திலேயே பாடம் சொல்லும் வேலை கொடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணம் 1868லேயே ஆகிவிட்டது. குடும்பஸ்தர், வயது இருபதுகளின் தொடக்கம், கௌரவமான இடம், பிரியமான ஆதரவாளர். இதைவிட என்ன வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் அங்கேயே தங்கியிருப்பார்கள்.

கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராஜ செட்டியார் வேலையிலிருந்து விலகும்போது, அந்த இடத்துக்கு இவரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவரும் பிள்ளையின் மாணவர். தேசிகருக்கு விடமனமில்லை, செட்டியார் வாதாடித்தான் சம்மதம் வாங்கினார். 1880 பிப்ரவரியில் உ.வே.சா. வேலையில் சேர்கிறார். சம்பளம் மாதம் 50 ரூபாய். கிட்டத்தட்ட 25ஆவது பிறந்தநாள் சமயம். மடத்தில் கிடைத்ததெல்லாம் ஒருவருடைய அன்பால் கிடைத்தது. இது மாதம் பிறந்தால் சர்க்கார் கொடுக்கிற சம்பளம். அந்த வயதில் ஒரு குடும்பஸ்தனுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று முதல் சம்பளம் வாங்கின எல்லாருக்கும் தெரியும்.

அன்றைய கும்பகோணத்தின் ஜனத்தொகை சுமார் 50,000. சென்னை அதைப்போல எட்டு மடங்கு, 4 லட்சம். சென்னையில்தான் யூனிவர்சிட்டி, அச்சுக்கூடங்கள், ஹைகோர்ட், பத்திரிகைகள். எங்கேயாவது முன்னுக்கு வரவேண்டுமானால் பட்டணத்துக்குப் போ என்பது அப்போதும் உண்டு. ஆனால் உ.வே.சா. கும்பகோணத்தில் 23 வருஷம் இருந்தார். நாம் அவரை எதற்காக நினைக்கிறோமோ அந்தக் காரியத்தில் பெரும்பகுதி இந்த 23 வருஷத்தில் நடந்தது: 'சீவக சிந்தாமணி' 1887, 'பத்துப்பாட்டு' 1889, 'சிலப்பதிகாரம்' 1892, 'புறநானூறு' 1894, 'மணிமேகலை' 1898. அத்தனையும் சென்னையில் அச்சானவை, கும்பகோணத்தில் உட்கார்ந்து சரிபார்த்தவை.

ஏன் அங்கே நடந்தது? 50 ரூபாய் சம்பளத்துக்காகப் போன ஊரில் அவர் எதிர்பார்க்காத சில விஷயங்கள் காத்திருந்தன.

ஒன்று, சேலம் இராமசாமி முதலியார். கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர். 1880 அக்டோபர் 21ஆம் தேதி உ.வே.சா. அவரைப் பார்க்கப் போகிறார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவில்லை. இதற்கெல்லாம் முந்தின பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. பிள்ளையிடம் வருஷக்கணக்கில் படித்த, காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆளிடம் ஒரு முன்சீப் கேட்ட கேள்வி இது. மடத்திலேயே இருந்திருந்தால் இதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். மடத்தில் எல்லாரும் ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள். கோர்ட்டும் காலேஜும் இருக்கிற ஊரில் வேறு மாதிரி படித்தவர்கள் மாற்றலில் வந்துகொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது, ஜைனர்கள். சிந்தாமணி ஜைன காவியம். நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டு படித்தாலும் ஜைன சமயக் குறிப்புகள் சைவ மடத்தில் வளர்ந்தவருக்குப் புரியவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனக் குடும்பங்கள் இருந்தன. சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துக் கேட்கிற வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒரு தடவை இவர் போன சமயத்தில், படித்து முடித்த நாளை வீட்டில் ஒரு விசேஷமாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இவர் எங்கோ தேடிக்கொண்டிருந்த நூல் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்திருக்கிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் அவர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மூன்றாவது, தூரம். திருவாவடுதுறை சுமார் 20 கிலோமீட்டர். தேசிகரின் ஆதரவும் மடத்துச் சுவடிகளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. 1870களின் கடைசியில் ரயில் பாதையும் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் சென்னைக்கு ரயில் ஏறி அச்சுக்கூடத்தில் உட்காருவார், காலேஜ் திறந்ததும் திரும்பிவிடுவார், மீதி புரூஃப் தபாலில் வரும். முன்சீப் வேலையை விட்டு வக்கீலாகச் சென்னைக்குப் போயிருந்த இராமசாமி முதலியார் அங்கே துணை. இன்றைய பாஷையில் சொன்னால் ஹைப்ரிட் ஒர்க்.

தூரம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்போது சுவடிகள் அழிந்துகொண்டிருந்தன. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போனால், பழசாகிவிட்டதென்று அக்கினியில் போட்டுவிட்டோம் என்று பதில் வருகிறது. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகள், மடங்கள் எல்லாம் ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு வருஷத் தாமதத்துக்கும் எங்கோ ஒரு கட்டு கரையானுக்குப் போகிறது. தேடிக்கொண்டிருக்கும் வயதில், தேடுகிற பொருள் இருக்கிற பிரதேசத்தின் நடுவில் அவர் இருந்தார். இருபத்தைந்தில் சென்னைக்குப் போயிருந்தால் அச்சுக்கூடம் பக்கத்தில் இருந்திருக்கும், அச்சுக்குக் கொடுக்க என்ன இருந்திருக்கும் என்பது கேள்வி.

இதே கும்பகோணத்துக்கு நேர் எதிர் வழியில் வந்த இன்னொருவரும் உண்டு. சி.வை.தாமோதரம் பிள்ளை. 1832இல் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்தவர். இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவராகி, சர்க்கார் கணக்கு உத்தியோகத்தில் இருந்து, பி.எல்.லும் முடித்தவர். சர்க்கார் வேலை முடிந்த பிறகு, 1880களில், கும்பகோணத்துக்கு வந்து வக்கீல் தொழில் செய்தார். தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை போன்ற பதிப்புகள் அந்த ஐம்பதுகளின் வயதில் வந்தவை. சென்னையில் சம்பாதிப்பு, காவிரிக் கரையில் தமிழ். பிறகு புதுக்கோட்டையில் ஜட்ஜ், கடைசியில் மறுபடி சென்னை, 1901இல் மரணம். ஒருவருக்கு உத்தியோகம் தொடங்கின ஊர், இன்னொருவருக்குப் பென்ஷன் ஊர். சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் இருவருக்கும் கொஞ்சம் சங்கடம்கூட வந்தது. ஒரே சின்ன ஊரில் இரண்டு பேர் ஒரே காவியத்தின் மேல் கண் வைத்திருந்தால் வராமல் இருக்குமா?

செலவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிந்தாமணி அச்சுக்குக் கையொப்பக்காரர்களிடம் முன்பணம் வாங்கியும் கடன் மிஞ்சியது. விடுமுறை என்றால் வீட்டில் இருக்கமாட்டார், ஏடு தேடியோ அச்சுக்கூடத்துக்கோ போயிருப்பார். அப்பா 1893இல் காலமாகிறவரை அவர் கூடத்தான் இருந்தார், சொந்த கிராமத்தை விட்டு. இத்தனை ஊர் மாற்றங்களில் அந்த வீட்டுப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தப் பெரிய புத்தகத்தில் கொஞ்சம்தான் இடம். ஊர் மாறுகிற கதைகளை எப்போதும் மாறுகிற ஆண்தான் எழுதுகிறான், பாத்திரம் பண்டம் கட்டினவர்கள் எழுதுவதில்லை.

1903இல் சென்னை பிரசிடென்ஸி காலேஜுக்கு வருகிறார். வயது 48. ஏடுகளில் முக்கியமானவை கைக்கு வந்துவிட்டன, பெயர் வந்துவிட்டது. இனி வேண்டியது அச்சுக்கூடமும், உதவிக்கு மாணவர்களும், நிம்மதியாக உட்கார ஒரு வீடும். 1919 வரை காலேஜ். திருவல்லிக்கேணிப் பக்கம் திருவேட்டீசுவரன்பேட்டையில் வீடு, பெயர் 'தியாகராஜ விலாசம்'. கும்பகோணம் வேலையை வாங்கிக்கொடுத்த தியாகராஜ செட்டியாரின் பெயர் அது. 'பதிற்றுப்பத்து' 1904, 'பரிபாடல்' 1918, 'பெருங்கதை' 1924, 'குறுந்தொகை' 1937 என்று வேலை ஓடிக்கொண்டே இருந்தது. கும்பகோணத்து வேகம் இல்லை, ஆனால் பதிப்புகள் இன்னும் கச்சிதம்.

நடுவில் 1924 முதல் 1927 வரை சிதம்பரம், அண்ணாமலை செட்டியார் நடத்திய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக. 69 வயதில் புது ஊரில் புது வேலை. இன்றைக்கு யாராவது அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், வீடே எதிர்க்கும். அதன்பிறகு மீண்டும் தியாகராஜ விலாசம்.

ரிட்டயர்மென்ட் ஊர் என்று ஒன்றை அவர் திட்டமிடவே இல்லை. சென்னையில்தான் இருந்திருப்பார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் சென்னையே காலியாகத் தொடங்கியது. 87 வயதில் அவரும் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அங்கே ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த 'என் சரித்திரம்' அப்போது மணிமேகலை பதிப்புக் காலத்தைத்தான் தாண்டியிருந்தது. சென்னையில் குடியேறின கதையை அவர் எழுதவே இல்லை.