காகிதத்தில் இல்லாத கம்பி

1975-இல் நான் வரைந்த முதல் வீட்டு பிளான் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மேட்டூர் மாதையன்குட்டையில் மின்வாரிய ஊழியர் ஒருவருக்காக வரைந்தது. பக்கத்து மனைக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை அடி, சமையலறை ஜன்னல் எவ்வளவு அகலம், கக்கூஸுக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் அதில் உண்டு. மேல் தளத்தில் எத்தனை கம்பி, எந்த இடைவெளியில் என்று ஒரு கோடுகூட இல்லை. அப்ரூவலுக்கு அதை யாரும் கேட்டதில்லை. நானும் வரையவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களின் கட்டடச் சட்டம் தீயையும் தொற்றுநோயையும் பார்த்துப் பிறந்தது. 1920-ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டத்தில், ஓலை, புல், பாய் வைத்துக் கூரையோ வெளிச்சுவரோ போட அனுமதி வேண்டும் என்று இருந்தது. ஒரு குடிசையில் பற்றினால் தெருவே போய்விடும் என்கிற பயம். 1972-இல் வந்த மாவட்ட நகராட்சிக் கட்டட விதிகளும் காற்று, வெளிச்சம், சாக்கடை, விட வேண்டிய இடம் ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசின. காலரா வந்த ஊர்களுக்கு அது நியாயமான அக்கறை.

என் தாத்தா கல் கொத்தனார். 1925-இல் மேட்டூர் அணை வேலை தொடங்கியதும் பிழைக்க வந்தார். 1934-இல் வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. இங்கே சேலம் கேம்ப் பக்கம் அவர் கட்டிய வீட்டில்தான் நான் வளர்ந்தேன். ஒன்றரை முழத்துக்குக் குறையாத சுவர், பனஞ்சட்டம், மேலே நாட்டு ஓடு. அந்த வீடு தன் நோயை மறைக்கத் தெரியாதது. சுவர் பிதுங்கும், விரிசல் ஓடும், சட்டம் தொய்யும். முட்டுக் கொடுக்கவோ வெளியேறவோ நமக்கு மாதக்கணக்கில் அவகாசம் தரும்.

சிமெண்டும் கம்பியும் வந்த பிறகு சுவர் ஒன்பது அங்குலமாக இளைத்தது, தலைக்கு மேல் தளம் ஐந்து அங்குலக் காங்கிரீட் ஆனது. இந்த வீட்டின் பலமும் பிழையும் உள்ளே புதைந்திருக்கின்றன. வீட்டின் எலும்பே மாறிவிட்டது, சட்டமோ இன்னும் ஜன்னலை அளந்துகொண்டிருந்தது.

இது எனக்கு உறைத்தது 1983-இல். நான் பிளான் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டில் தெருப்பக்கம் நாலடி நீட்டிப் பால்கனி. இப்படி நீட்டிய தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும். ஆகவே கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். காங்கிரீட் கொட்டுகிற அவசரத்தில் ஆட்கள் கம்பியின் மேலேயே நடந்து, அது மிதிபட்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. சென்ட்ரிங் பிரித்த அன்று பால்கனி அப்படியே மடிந்து விழுந்தது. கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அம்மாவுக்குக் கால் முறிந்தது. அதன்பின் அவர் சாரம் ஏறவே இல்லை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ரூவல் வாங்கின வீடுதானுங்களே சார், எப்படி விழும்?" என்றார். அவர் கேட்டது சரி. அந்த முத்திரை கம்பிக்குப் போட்டதல்ல என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை தூரத்துச் சாவுகளிலிருந்து வந்தவை. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அடுத்த ஆண்டு இந்தியத் தரநிர்ணயம் திருத்தப்பட்டபோது சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்தது. நம் பக்கம் நிலம் ஆடாது என்று நம்பியிருந்தோம். ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிதாகவே ஆடியிருக்கிறது. நிலநடுக்கத்துக்கான தரநிர்ணயங்கள் சொன்னதில் சின்ன விஷயம் ஒன்றுண்டு: பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடாமல், 135 டிகிரிக்கு உள்நோக்கி வளைக்க வேண்டும். 90-இல் மடக்கிய ரிங், மேல்காங்கிரீட் உதிர்ந்ததும் வாய் திறந்துவிடும். பில்லர் கம்பி வெளியே பிதுங்கும். ஒரு ரிங்குக்குக் கூடுதலாக இரண்டு மூன்று அங்குலக் கம்பி செலவு, அவ்வளவுதான். இன்றும் நான் தெருவில் போகும்போது பார்க்கிற பில்லர்களில் பல 90-தான்.

ஒரு மாற்றத்துக்கு மட்டும் காரணம் எங்கள் ஊரிலும் இருந்தது. மேட்டூர் அனல்மின் நிலையம் 1987 முதல் ஓடுகிறது. சாம்பல் மலையாகக் குவிந்தது. 1999-இல் மத்திய அரசின் அறிவிக்கை, அனல்மின் நிலையத்துக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைகள் மண்ணோடு 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003-இல் எல்லை 100 கிலோமீட்டர் ஆனது. வயலின் மேல்மண்ணைக் காக்க வந்த விதி. "குடியிருக்கிற வீட்டுக்குச் சாம்பலா தம்பி?" என்று ஒரு பாட்டி என்னிடம் வருத்தப்பட்டுக் கேட்டார். சூளையில் சுடாமல் வார்க்கும் சாம்பல் கல்லிலும் குற்றமில்லை. ஒழுங்காக நாள் கணக்கில் தண்ணீர் காட்டிப் பதப்படுத்திய கல் நன்றாகவே நிற்கும். பச்சையாக லாரியில் ஏற்றி விற்ற கல்தான் கையில் பொடிந்தது.

2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. நகரத்துக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரே விதி. பதிவு பெற்ற வல்லுநர் கையெழுத்து வேண்டும், பெரிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்புக் கிடையாது. நல்ல விதிகள், வரவேற்கிறேன். ஆனால் அவை வந்தபோதே, 12 மீட்டர் உயரத்துக்குள் மூன்று குடியிருப்பு வரையுள்ள வீடுகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருந்தது. மேட்டூரில் நாம் குடியிருப்பது அந்த வீடுகளில்தான். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, முன்கூட்டிக் கள ஆய்வு இல்லாமல் உடனே அனுமதி. மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. அதோடு பொறுப்பும் வீட்டுக்காரர் தலைக்கு மாறிவிட்டது. அந்தப் பாதி பலருக்குத் தெரியவில்லை.

ஆகவே வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கம்பி கட்டி முடித்த அன்று மாலை, காங்கிரீட் கொட்டுவதற்கு முன், ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேஸ்திரி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் காட்டுங்கள். பால்கனிக் கம்பி மேலே இருக்கிறதா, ரிங் உள்ளே வளைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பில்லரையும் தளத்தையும் போட்டோ எடுத்து, கம்பி வரைபடத்தோடு சேர்த்து, கிரையப் பத்திரம் இருக்கிற பெட்டியிலேயே வையுங்கள். மேலே இன்னொரு மாடி எழுப்பப்போகும் உங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கும்.