அபூகிரில் கைமாறிய ஸ்பார்க் பிளக்



போன வாரம் ஒத்தக்கடை கடைத்தெருவில் என் மொபெட் நின்றுவிட்டது. எத்தனை மிதித்தும் கிளம்பவில்லை. அந்த வழியாக வந்த பழைய மாணவர் ஒருவர் (இப்போது மெக்கானிக்) பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி ஏறிக் கறுத்திருந்தது. தன் பெட்டியிலிருந்து வேறு பிளக் எடுத்துப் போட்டார். ஒரே மிதியில் வண்டி கிளம்பியது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "சார், நீங்க சொன்ன ஏரோப்ளேன் பிளக் கதை இன்னும் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. கூடவே, அந்தக் கதையைச் சொன்ன ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த கேள்வியும் ஞாபகம் வந்தது. "அப்ப உதவி செஞ்சா தோத்துப்போவோமா சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பதிவு.

முதலில் கதை. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். எந்தப் பக்கமிருந்தும் புறப்படலாம். 1930-ல் மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். ஒருவர் மன்மோகன் சிங் (பின்னாளில் பிரதமரானவர் அல்லர், இவர் வேறு). இன்னொருவர் அஸ்பி இன்ஜினியர், 17 வயதுப் பையன். மூன்றாமவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர். போட்டியின்போது அவருக்கு 25 வயது.

அஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கி வந்தார். ஜே.ஆர்.டி. மே மாதத் தொடக்கத்தில் கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கிக் கிளம்பினார். இருவரும் ஓட்டியது ஜிப்சி மாத் என்ற சின்ன விமானம். மேலே கூரை கிடையாது. நாலு சிலிண்டர் எஞ்சின்.

எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியபோது, அங்கே இன்னொரு ஜிப்சி மாத் நின்றுகொண்டிருந்தது. அது அஸ்பியின் விமானம். அவருக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. கையில் மாற்றுப் பிளக் இல்லை. அது வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டிய நிலை.

ஒரு பிளக்குக்காகவா விமானம் நிற்கும் என்று கேட்பீர்கள். நம் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். வானத்தில் ஓரம் ஏது? அதனால்தான் விமான எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைக்கிறார்கள். நாலு சிலிண்டருக்கு எட்டு. அவற்றுக்குப் பொறி கொடுப்பவை இரண்டு மேக்னெட்டோக்கள். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட இந்தக் கருவியை எஞ்சினே சுழற்றும். பேட்டரி வேண்டாம். ஒரு மேக்னெட்டோ செத்தாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும்.

புறப்படுமுன் விமானி ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார். எஞ்சின் வேகம் சற்றே குறைந்தால் சரி. நிறையக் குறைந்து உதறினால், ஓடிக்கொண்டிருக்கும் மேக்னெட்டோவின் பக்கம் கோளாறு. கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. சுவிட்சை அணைத்தும் அந்த மேக்னெட்டோ அணையவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த நிலையில் விசிறியைக் கையால் அசைத்தால், எஞ்சின் திடீரென்று உயிர் பெற்று ஆளையே வெட்டிவிடக்கூடும்.

எந்தப் பிளக் என்று கண்டுபிடிப்பது எப்படி? கோளாறான பக்கத்தில் மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், எரியாத சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடு குறைவாக இருக்கும். அதன் பிளக்கைக் கழற்றி, எண்ணெயோ கரியோ பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீரவில்லையானால் பக்கத்து சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போடுவார்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்கின் குற்றம். பழைய இடத்திலேயே நின்றால் கம்பியையும் மேக்னெட்டோவையும் சோதிக்க வேண்டும். எதையும் ஊகித்துத் தூக்கி எறியாமல், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் முறை இது.

அபூகிருக்கு வருவோம். ஜே.ஆர்.டி. தான் கொண்டு வந்திருந்த மாற்றுப் பிளக்குகளிலிருந்து போட்டியாளருக்கே கொடுத்தார். அஸ்பி பறந்தார். ஜே.ஆர்.டி. லண்டனைத் தொடும் முன்பே அவர் கராச்சியில் இறங்கிவிட்டார். பரிசு அவருக்கே.

வகுப்பில் நான் இதோடு நிறுத்திவிடுவேன். சொல்லாமல் விட்டது இரண்டு.

ஒன்று, பிளக் வாங்கிய அஸ்பி சும்மா போகவில்லை. தன் மிதவைச் சட்டையைக் கழற்றி ஜே.ஆர்.டி.யிடம் கொடுத்தார். அஸ்பி கடலைத் தாண்டி வந்துவிட்டார். இனி மத்தியதரைக் கடலைத் தாண்ட வேண்டியவர் ஜே.ஆர்.டி. உயிருக்கு உதவும் பொருளை ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் பிரிந்தார்கள்.

இரண்டு, ஜே.ஆர்.டி.யால் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் நல்ல மனசு மட்டுமல்ல. பெட்டியில் மாற்றுப் பிளக் இருந்தது. கிளம்பும்போதே, வழியில் என்ன கெடும் என்று யோசித்து எடுத்து வைத்திருந்தார். எடுத்து வராதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அந்த மணலில் அனுதாபம்தான் சொல்லியிருக்க முடியும்.

பிறகு என்ன ஆயிற்று? அஸ்பி விமானப்படையில் சேர்ந்து, 1960 டிசம்பரில் அதன் தளபதியானார். 1964 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஜே.ஆர்.டி. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். ஏர் இந்தியாவின் தொடக்கம் அதுதான்.

கடைசி பெஞ்சில் எழுந்து கேட்ட தம்பி, இப்போது எங்கே இருக்கிறாயோ தெரியாது. தாமதமான பதில் இது. ஆமாப்பா, உதவி செய்தால் சில சமயம் பரிசு போகும். ஜே.ஆர்.டி.க்கும் போனது. போனது அது மட்டும்தான்.

நம் கடைத்தெரு மெக்கானிக்குக்கு என் நன்றி. அவர் பெட்டியிலும் ஒரு மாற்றுப் பிளக் இருந்தது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஒத்தக்கடை