பஞ்சும் நெருப்பும், பந்தும் பந்தும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்மீது ஒரு பழி நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள பிணைப்பை அவர் மறுத்தார். அதனால் முஸ்லிம்களிடையே அறிவியல் நாட்டம் அற்றுப்போயிற்று என்பது அப்பழி. கீழைத்தேயவியல் அறிஞர் சிலர் சொன்னதை நம்மவர்களும் மேடைகளில் திருப்பிச் சொல்கின்றனர். இதைச் சோதித்துப் பார்க்க இயற்பியலின் எளிய நிகழ்ச்சி ஒன்றே போதும்: இரு பில்லியர்ட்ஸ் பந்துகளின் மோதல்.

முதலில் இமாம் சொன்னதைப் பார்ப்போம். பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் ஆசிரியராக இருந்தபோது, கி.பி. 1095இல் (ஹிஜ்ரி 488) அவர் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வை எழுதி முடித்தார். அதன் பதினேழாம் விவாதத்தில் பஞ்சும் நெருப்பும் வருகின்றன. நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிகிறது. நம் கண் காண்பது என்ன? தொட்டபோது எரிந்தது என்பதை மட்டுமே. தொட்டதனாலேயே எரிந்தது, எரியாதிருக்க இயலாது என்பதைக் கண் காணவில்லை. இரண்டையும் சேர்த்துப் படைப்பவன் அல்லாஹ். அந்த ஒழுங்கு அவன் நடத்திவரும் வழக்கம், 'ஆதத்'. நபிமார்களின் முஃஜிஸாத்துகளுக்கு இடமளிக்கவே இவ்வாதம் எழுந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே நூலின் முகவுரையில், கிரகணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கலையை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்றும் அவர் எச்சரித்தார். பழி கூறுவோர் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் என்று இப்னு ருஷ்து பதிலளித்தார். வலுவான பதில்தான். அவருடைய மறுப்பு நூல் 1328இல் லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, அது மறுத்த இமாமின் வாதமும் உடன் சென்றது.

இனிப் பந்துகளுக்கு வருவோம். மோதலுக்கு 1644இல் ஏழு விதிகள் வகுத்தார் தெக்கார்த். அவற்றுள் ஒன்று, அசையாதிருக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு விரைந்து வந்து மோதினாலும் நகர்த்தாது என்கிறது. விளையாடும் சிறுவனும் இதை ஒப்பமாட்டான்! 1668இல் இலண்டன் ராயல் சொசைட்டி இப்பொருளை எழுப்பியபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடை எழுதினர்.

ஹைகன்ஸின் வழி அழகானது. ஓடத்தில் நிற்பவன், நிறை ஒத்த இரு கடினமான பந்துகளைச் சம வேகத்தில் எதிரெதிரே மோதவிடுகிறான். இரண்டும் வந்த வேகத்திலேயே திரும்புகின்றன. ஓடமும் அதே வேகத்தில் சென்றுகொண்டிருந்தால் கரையில் நிற்பவன் காண்பது வேறு: ஒரு பந்து நிற்கிறது, மற்றொன்று இருமடங்கு வேகத்தில் வருகிறது, மோதியபின் வந்தது நிற்கிறது, நின்றது அவ்விருமடங்கு வேகத்தோடு ஓடுகிறது. (உண்மையான மேசையில் வந்த பந்து உருண்டு வருவதால் சற்றே பின்தொடர்ந்து செல்லும்; அது சுழற்சியின் விளைவு.) இக்கணக்கில் ஒரு பந்திலிருந்து மற்றதற்கு எது தாவியது, ஏன் தாவியே ஆகவேண்டும் என்ற கேள்விகளுக்கு இடமே நேரவில்லை. ஒழுங்கு கிடைத்தது, அது போதுமானதாயிற்று.

இமாமின் கருத்தையொத்த கருத்துடைய ஒருவர் அக்காலத்திலேயே பிரான்ஸில் வாழ்ந்தார். கத்தோலிக்கப் பாதிரியார் மால்பிராஞ்ச். பந்து பந்தை நகர்த்துவதில்லை, இறைவனே நகர்த்துகிறான், மோதல் அதற்கொரு சந்தர்ப்பம் மட்டுமே என்று 1674-75இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவர். அவரே 1692இல் மோதல் விதிகள் பற்றித் தனிநூல் வெளியிட்டார். லைப்னிட்ஸ் பிழை காட்டியதும் திருத்தினார். இறைவனே ஒரே காரணன் என்ற கொள்கை அவரைக் கணக்கிடவிடாமல் தடுக்கவில்லை. நமக்கு இவ்வழக்கில் இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

மால்பிராஞ்சைப் படித்த ஹ்யூம் 1748இல் அதே பந்துகளை எடுத்தார். இறைவனை விட்டுவிட்டு, வழக்கத்தை மனித மனத்தில் வைத்தார். இமாமின் வாதம் அவரை நேராக எட்டியது என நிறுவச் சான்றில்லை. ஒப்புமையைக் கண்டு நாம் பெருமை பேசலாகாது.

இமாம் மறைந்தது 1111இல். மராகாவின் வானாய்வகம் எழுந்ததோ 1259இல். திமிஷ்க் உமவிப் பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னு ஷாத்திர் 1375 வரை வாழ்ந்தார். உலூக் பேக் சமர்கந்தில் விண்மீன்களை அளந்தது 15ஆம் நூற்றாண்டில்.