சிற்றலை வானொலியும் அமெச்சூர் ஆய்வாளரும்

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மார்க்கோனியின் பெயரோடு தொடங்கிப் பெருங் கம்பனிகளின் வளர்ச்சியோடு முடிப்பர். அவ்வரலாற்றின் முக்கியமானதோர் அத்தியாயம், ஊதியம் எதுவுமின்றி வீட்டிலும் பாடசாலையிலும் தம் கையாற் கருவி கட்டியவர்களுக்கு உரியது என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை.

1912ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா வானொலிச் சட்டமொன்றை இயற்றிற்று. நெட்டலைகளே நெடுந்தூரம் செல்வன, அலைநீளம் குறையக் குறையப் பயனும் குறையும் என்பது அக்காலப் பொறியியலாளரின் துணிபு. ஆகவே 200 மீற்றருக்கு மேற்படாத அலைகளை, 1 கிலோவாற்றுக்கு மேற்படாத வலுவுடன், அமெச்சூர் எனப்படும் பொழுதுபோக்கு ஆய்வாளருக்குச் சட்டம் விட்டுக்கொடுத்தது. விளையாத தரவையை ஏழைக்குத் தானஞ் செய்தது போன்ற ஏற்பாடு அது.

அவர்கள் கையாண்ட பொருள்கள் எளியன. கடதாசிமட்டைக் குழாயிற் செப்புக் கம்பியைச் சுற்றினாற் சுருள் ஆயிற்று. கலீனாப் படிகத்தின்மேல் மெல்லிய கம்பியின் முனையைத் தொடவைத்து, ஒலி எழும் புள்ளியைப் பொறுமையோடு தேடினர். முதலாம் உலகப் போரின் பின் வால்வுகள் அவர்கள் கைக்கு எட்டின. ஆம்ஸ்ரோங் கண்ட மீளூட்டச் சுற்று ஒற்றை வால்வையே பன்மடங்கு கூர்மையாக்கியது. ஆனால் அலை குறுகியபோது புதியதோர் இடர் தோன்றிற்று: கருவியின் அருகே கை சென்றாலே இசைவு குலைந்தது. இதனாற் குமிழ்களுக்கு நீண்ட எபொனைற்றுக் காம்புகள் பூட்டி, எட்ட இருந்தே திருப்பினர். நூல்கள் கற்பியாத இத்தகைய நுட்பங்களைப் பிழைவிட்டுத் திருத்தித்தான் அவர்கள் அறிந்தனர்.

1921 டிசெம்பரில் அமெரிக்க அமெச்சூர் சங்கம் போல் கொட்லி என்பவரை ஸ்கொத்லாந்துக்கு அனுப்பியது. ஆட்ரொசன் என்னும் கரையோர ஊரிற் கூடாரம் அடித்து, நீண்ட கம்பியை வெளியிலே இழுத்துக் கட்டி, கடுங்குளிரிற் செவிசாய்த்திருந்த அவர், முப்பதுக்குக் குறையாத அமெரிக்க நிலையங்களைக் கேட்டார். 1923 நொவெம்பரில் நீஸ் நகரத்து லெயோன் டெலோய், ஏறத்தாழ 100 மீற்றர் அலையில் அமெரிக்க அமெச்சூர்களுடன் அத்திலாந்திக்குக்கு அப்பால் இருவழியாகவே செய்தி பரிமாறினார்.

எனினும் இவையாவினும் வியப்புக்குரியது அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. வடஇலண்டனிலுள்ள மில் ஹில் பாடசாலையில் மாணவர்கள் இயக்கிய நிலையம் ஒன்றிருந்தது. அதில் அமர்ந்திருந்தவன் சிசில் கொய்டர் என்னும் பதினெட்டு வயது மாணவன். மறுமுனையில் நியூசிலாந்தின் ஒட்டாகோ மாகாணத்து ஷக் பள்ளத்தாக்கு. அங்கே செம்மறிப் பண்ணையொன்றில், போரில் நோயுற்றுத் திரும்பிய பிராங் பெல் தாமே கட்டிய கருவியுடன் இருந்தார். 1924 ஒக்ரோபர் 18ஆந் திகதி இவ்விருவரும் மோர்சுக் குறிகளில் உரையாடினர். இடைத்தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். பூவுலகில் இதனினும் வெகுவாக நீண்ட தொடர்பு இயலாது. பின்னர் பெல்லின் தமக்கை பிரெண்டா அந்நிலையத்தைப் பொறுப்பேற்று, 1927இல் தென்னாபிரிக்காவுடன் தொடர்புகொண்டார்.

காரணம் வானத்தில் இருந்தது. நிலத்தையொட்டிச் செல்லும் சிற்றலை விரைவில் நலிந்துவிடும். மேனோக்கிச் செல்வதோ அயன மண்டலத்தினாற் திருப்பப்பட்டு வெகுதொலைவில் இறங்கும். அயலூருக்குக் கேளாத குறி மறுகண்டத்திற் கேட்டமை இதனாலேயே. இத்தகைய படை உண்டெனக் கெனலியும் ஹெவிசைட்டும் 1902இலேயே கருதினர். அப்பிள்டன் 1924 டிசெம்பரிற் பரிசோதனையால் நிறுவத் தொடங்கினார்.

மார்க்கோனியும் 1923இற் சிற்றலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1926இல் அவரது கம்பனி தொடங்கிய சிற்றலைக் கதிர்முறைச் சேவை, பிரித்தானியப் பேரரசு திட்டமிட்டிருந்த நெட்டலைச் சங்கிலியைப் பின்தள்ளியது. ஆயினும், கைவிடப்பட்ட அலைகளில் முதலிற் பெருந்தொகையாகக் குடியேறியவர் அமெச்சூர்களே.

இலங்கையிலும் இதே ஆண்டுகளில் இவ்வார்வம் தலைகாட்டியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் இங்குள்ள ஆர்வலர்களைச் சேர்த்து வானொலிக் கழகம் அமைத்தார். 1923இற் கொழும்பில் அவர் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிய பொறி, கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு கட்டப்பட்டது என்பர். அம்முயற்சி 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்புச் சேவையாயிற்று.

மில் ஹில் மாணவனின் பிற்கால வாழ்வும் நம் கடலின் அக்கரையைத் தொட்டது. 1936இற் கொய்டர் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளராக டெல்லிக்கு வந்தார். பரந்த அந்நாட்டை எட்டுதற்கு அவர் சிற்றலையையே பெரிதும் நம்பினார். 1938இற் சென்னையிலும் 1939இற் திருச்சிராப்பள்ளியிலும் நிலையங்கள் எழுந்தது அவர் காலத்திலேயாம். திருச்சி நிலையத்து நாதசுரத்தையும் பாட்டையும் யாழ்ப்பாணத்து வீடுகள் பல பின்னாளிற் கேட்டு மகிழ்ந்தன.