மெதுவாகப் போகும் உரிமை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே பருத்தி விளைந்த நிலத்தில், 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டி திறக்கப்பட்டது. கட்டியவர் டெல் வெப். சில மாதிரி வீடுகள், ஒரு கடைத்தொகுதி, ஒரு பொழுதுபோக்கு மையம், ஒரு கோல்ஃப் மைதானம் என்று அன்றைக்கு அங்கே இருந்தது அவ்வளவுதான். ஆனாலும் முதல் வார இறுதியில் மட்டும் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். 1962இல் டெல் வெப்பின் படம் டைம் இதழின் அட்டையில் வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கென்றே ஒரு முழு ஊரைக் கட்டி விற்கலாம் என்பதை அமெரிக்கா அப்போதுதான் கண்டுகொண்டது. வீடு, மைதானம், கடை, மன்றம் எல்லாம் அருகருகே அமைந்த அந்த ஊரில் வெகு விரைவில் மைதானத்தில் ஓடும் கோல்ஃப் வண்டி தெருவுக்கு வந்தது. மைதானத்துக்குப் போன வண்டியிலேயே மளிகை வாங்கித் திரும்புவது இயல்பாகிவிட்டது. ஆனால் தெருக்கள் காருக்காக அளவெடுத்துப் போடப்பட்டவை. அன்றிலிருந்து இன்றுவரை அமெரிக்க ஓய்வூர்களில் காரும் கோல்ஃப் வண்டியும் ஒரே சாலையில் போவதன் வரலாறு, இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ய நடந்த முயற்சிகளின் வரலாறுதான். வண்டியைக் காருக்கு ஈடாக ஓடவைக்கப் பார்த்த முயற்சிகள் ஆபத்தைக் கூட்டின. வண்டியின் வேகத்தை ஏற்றுக்கொண்டு சாலையை அதற்கேற்ப மாற்றியவை பலன் தந்தன. இந்த அறுபது ஆண்டுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது.

கோல்ஃப் வண்டி தெருவில் அத்துமீறி நுழைந்த விளையாட்டுப் பொருள் என்று எரிச்சலோடு சொல்பவர்கள் உண்டு. அதன் பிறப்பு வேறு மாதிரி இருக்கிறது. டெக்ஸர்கானாவைச் சேர்ந்த ஜே. கே. வாட்லி என்பவர், லாஸ் ஏஞ்சலிஸில் முதியவர்களை மளிகைக்கடைக்கு ஏற்றிச் சென்ற மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைப் பார்த்து, அதைப் போல ஒன்றை வாங்கி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொடக்கக் கதை. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்ததும் மின்வண்டிக்கு வழி திறந்தது. கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் மெர்ல் வில்லியம்ஸின் மார்க்கெட்டீர் நிறுவனம் 1951இல் மின்சார கோல்ஃப் வண்டிகளைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1954இல் இ-இஸட்-கோ, 1958இல் கிளப் கார் என்று இன்றைய பெரிய தயாரிப்பாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஆக, நடக்கச் சிரமப்படுபவர் கடைக்குப் போய்வருவது இந்த வண்டியின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. மைதானம் இடையில் வந்து, அதற்குச் சந்தையையும் இன்றைய உருவத்தையும் கொடுத்தது. அந்த உருவத்தில்தான் சிக்கல் இருக்கிறது. புல்தரையில் மணிக்கு 20 கி.மீ. சுமாருக்கு ஓடவேண்டிய வண்டிக்குக் கதவு தேவைப்படவில்லை, சீட் பெல்ட் தேவைப்படவில்லை, பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில் மட்டும் பிரேக் இருந்தால் போதுமாக இருந்தது.

சன் சிட்டி எந்த நகராட்சிக்கும் உட்படாத ஊர். அதன் சாலைகள் மரிகோப்பா மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, விதிகள் மாநிலத்தினுடையவை. அங்கே பொதுச்சாலையில் ஓடும் கோல்ஃப் வண்டிக்குப் பதிவு எண்ணும் காப்பீடும் வேண்டும், ஓட்டுபவரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கவேண்டும். இவையெல்லாம் ஒழுங்கான ஏற்பாடுகளே. ஆனால் வண்டி சாலையின் எந்தப் பகுதியில் போவது என்ற எளிய கேள்விக்கு நெடுங்காலம் நல்ல பதில் இல்லை. பலரும் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். சட்டமோ கார்கள் போகும் தடத்திலேயே போகச் சொன்னது. பின்னால் வரும் காருக்கு வழிவிட ஓரப்பட்டையில் போகலாம் என்று ஓய்வூர்களுக்கு மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது 2014இல்தான், ஊர் தோன்றி ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. அதுவரை முதியவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் செய்துவந்த காரியம் விதிமீறல் என்ற கணக்கில் இருந்தது. இதில் ஓட்டுநர்களின் கவனத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கென்று ஓர் இடத்தைச் சாலையும் தரவில்லை, சட்டமும் தரவில்லை.

கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட் நகரம் இதற்கு முன்பே வேறு வழியில் யோசித்தது. 1990களின் தொடக்கத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் தனி அனுமதியோடு அது ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கி, தன் சாலைகளை மூன்று வகையாகப் பிரித்தது. வேகமான சாலைகளுக்குப் பக்கத்தில் கார் நுழையமுடியாத தனிப்பாதை, நடுத்தரச் சாலைகளில் கோடு போட்டுப் பிரித்த தனித்தடம், வேகவரம்பு குறைந்த தெருக்களில் மட்டும் இரண்டும் கலந்து போவது. இதன் அடிப்படைத் தர்க்கம் இன்றைக்கும் செல்லும். வேக வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்கு விலக்கிவை. 56 கி.மீ. வேகத்தில் வரும் காருக்கு, 24 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நூறு மீட்டர் தள்ளித் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், இடைவெளி முழுவதும் கரைய 11 விநாடி போதும். முன்னால் போவதும் கார்தான், அதே வேகத்தில்தான் போகிறது என்று ஓட்டுநர் சில விநாடிகள் எண்ணிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான். காரின் வேகம் 40 என்றால் அதே இடைவெளி கரைய 22 விநாடிக்கு மேல் ஆகும்.

இதற்கு நேர் எதிரான யோசனை தயாரிப்பாளர்களிடமிருந்து வந்தது. வண்டியைக் கொஞ்சம் வேகமாக்கினால் காரோடு சேர்ந்து ஓடிவிடுமே! ஆனால் மணிக்கு 20 மைலுக்கு, அதாவது 32 கி.மீ.க்கு மேல் ஓடும் எதுவும் கூட்டாட்சிச் சட்டப்படி முழு மோட்டார் வாகனம்; காருக்கான எல்லாப் பாதுகாப்புத் தரங்களும் அதற்குப் பொருந்தும். இதைத் தளர்த்தும்படி பாம்பார்டியர் நிறுவனம் கேட்டது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1998 ஜூன் மாதம் குறைவேக வாகனம் என்ற புதிய வகையை உருவாக்கியது. நான்கு சக்கரம், 32 முதல் 40 கி.மீ. வரை வேகம். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, கண்ணாடிகள், முன்கண்ணாடி, ஹேண்ட் பிரேக், சீட் பெல்ட் ஆகியவை கட்டாயம். மோதல் சோதனை மட்டும் கிடையாது. 32 கி.மீ.க்குக் கீழே ஓடும் சாதாரண கோல்ஃப் வண்டி மாநிலங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டது. விளக்கும் பெல்ட்டும் வந்தது நன்மைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இந்த வகை பிறந்ததும் அதை இன்னும் வேகமாக்கும் ஆசையும் கூடவே பிறந்தது. 56 கி.மீ. ஓடும் நடுவேக வாகனம் என்றொரு வகையைக் கேட்டு வந்த மனுக்களை அதே நிர்வாகம் 2008இல் நிராகரித்தது. 2010இல் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் குறைவேக வாகனங்களை மோதவிட்டுப் பார்த்தது. பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் இடித்தபோது, உள்ளே இருந்த சோதனைப் பொம்மைகளில் பதிவான அளவுகள் உண்மை மனிதருக்குப் படுகாயத்தையோ மரணத்தையோ காட்டின. சின்னஞ்சிறிய ஸ்மார்ட் கார் இடித்தால்கூட நிலைமை அதுதான்.

ஃப்ளோரிடாவின் தி வில்லேஜஸ் ஊரில் இந்த வரலாறு அடுத்த கட்டத்துக்குப் போனது. ஹெரால்ட் ஷ்வார்ட்ஸ் நடத்திவந்த, நகர்த்தக்கூடிய வீடுகள் கொண்ட சாதாரணக் குடியிருப்பு ஒன்று, 1980களில் அவருடைய மகன் கேரி மோர்ஸும் சேர்ந்தபின் வளர்ந்து, 1992இல் இந்தப் பெயரைப் பெற்றது. 2010க்கும் 2020க்கும் இடையே அமெரிக்காவிலேயே மிக வேகமாக மக்கள்தொகை பெருகிய பெருநகர வட்டாரம் இதுதான் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. 93,000 பேர் ஏறக்குறைய 1,30,000 ஆனார்கள். 2005 செப்டம்பரில் 3,321 கோல்ஃப் வண்டிகள் அணிவகுத்து உலக சாதனை படைத்த ஊரும் இதுவே. வளர்ந்துகொண்டே போனதால் தன் பழைய தவறுகளைப் புதிய பகுதியில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இந்த ஊருக்குக் கிடைத்தது. பழைய பகுதியையும் புதிய பகுதியையும் பிரித்த நெடுஞ்சாலையின் மேல் கோல்ஃப் வண்டிகளுக்கென்றே ஒரு மேம்பாலம் போடப்பட்டது. பிறகு டர்ன்பைக் விரைவுச்சாலைக்கு மேலும் இன்னொன்று. வடக்கே உள்ள பழைய சாலைகள் சிலவற்றில் வைரக்குறி இட்ட கோல்ஃப் வண்டித் தடம் கார்த்தடத்தை ஒட்டியே போகிறது. வெறும் வெள்ளைக் கோடுதான் நடுவில். தெற்கே பின்னால் கட்டிய பகுதிகளில் புல்வெளி இடைவிட்டுத் தனிப்பாதை ஓடுகிறது, சாலையைக் கடக்கவேண்டிய இடங்களில் சுரங்கப்பாதையும் உண்டு. கோட்டிலிருந்து புல்வெளிக்கும் சுரங்கத்துக்கும் போன இந்த நகர்வை நான் பெரிய சான்றாகக் கருதுகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த முறை எப்படிக் கட்டினார்கள் என்பது எந்த அறிவுரைப் பலகையையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கார் மோதித்தானா இந்த வண்டிகளில் போகிறவர்கள் காயப்படுகிறார்கள்? 1990 முதல் 2006 வரையிலான மருத்துவமனை அவசரப் பிரிவுத் தரவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வு, அந்தக் காலத்தில் கோல்ஃப் வண்டியால் காயமடைந்தவர்கள் சுமார் 1,48,000 பேர் என்றும், ஆண்டுக் கணக்கு 132 சதவீதம் உயர்ந்தது என்றும் மதிப்பிட்டது. காயங்களுக்கு முதற்காரணம் மோதல் அல்ல, வண்டியிலிருந்து விழுவது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கவேண்டும். அமெரிக்க வண்டியில் ஓட்டுபவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். ஓட்டுபவர் சட்டென்று இடப்புறம் திருப்பினால் வலப்பக்கம் இருப்பவர் வெளியே தள்ளப்படுவார். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கோ வழவழப்பான இருக்கை, இடுப்புக்குக் கீழே நின்றுவிடும் ஒரு சிறு கம்பி, அவ்வளவே. கதவு இல்லை. எழுபது வயது எலும்பு தார்ச்சாலையில் விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. சரிவில் இறங்கும்போது பின்சக்கரங்கள் மட்டும் பிரேக் பிடித்து வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். அப்படியானால் காரைக் கட்டுப்படுத்தி என்ன பயன், தனிப்பாதை போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் இந்த உண்மை என் வாதத்தை உறுதியாக்குகிறது. தூக்கியெறியும் விசையும் வழுக்கலும் வேகத்தோடு கூடுபவை. 24 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டிய வண்டியை 40க்கு ஏற்றினால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. பின்னால் வரும் கார் நெருக்குகிறதே என்று மோட்டார் அமைப்பை மாற்றி வேகம் கூட்டுபவர், ஓர் ஆபத்திலிருந்து தப்ப இன்னொன்றைத் தேடிக்கொள்கிறார். நெருக்குதல் இல்லாத இடத்தில் அந்தத் தேவையே எழாது. சீட் பெல்ட்டை எல்லா வண்டிகளிலும் கட்டாயமாக்கவேண்டும் என்பதையும் இதே சான்றிலிருந்து தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு மறுப்பு நெருடலானது. ஃப்ளோரிடாவில் பெரியவர்கள் கோல்ஃப் வண்டி ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் உரிமத்தைக் கட்டாயமாக்கியது; மற்றவர்கள் அரசு அடையாள அட்டை வைத்திருந்தால் போதும். கண்பார்வை மங்கிக் கார் ஓட்டும் உரிமத்தை இழந்தவர் அடுத்த நாளே இந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இது சரியா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. பார்வைச் சோதனையாவது வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் தடை என்பது மருந்தாகாது. இந்த ஊர்கள் பேருந்தை நம்பிக் கட்டப்பட்டவை அல்ல. அங்கே சாவியைப் பறிப்பது கடையையும் மருத்துவரையும் நண்பர்களையும் சேர்த்துப் பறிப்பதாகும். அரை டன் எடையுள்ள மெதுவான வண்டியில், காரில்லாத பாதையில் ஒரு முதியவர் செய்யும் தவறு, இரண்டு டன் காரில் அவரே செய்யக்கூடிய தவறைவிட எல்லாருக்கும் சிறியது. அவருக்கு அந்தப் பாதை இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது. அதே பாதையில் நடந்துபோகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் இவரால் ஆபத்து வராமல் இருக்க, அங்கேயும் வேகவரம்பு வேண்டியிருக்கிறது.

கடைசியாகச் செலவு. ஜார்ஜியா மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டியில் சுமார் 160 கி.மீ. நீளத்துக்குக் கோல்ஃப் வண்டிப் பாதைகள் இருக்கின்றன. அது 1959 முதல் திட்டமிட்டு வளர்ந்த ஊர், ஓய்வூரும் அல்ல. கட்டிமுடித்த சன் சிட்டியில் வீடுகளை இடித்துவிட்டு அப்படிப் பாதை போட முடியாது. ஆனால் அங்கே தெருக்கள் அகலமானவை, கோடு போட இடமிருக்கிறது, வேகவரம்பைக் குறைக்கும் பலகைக்குப் பெரிய செலவும் இல்லை. நேரம் வீணாகும் என்பார்கள் கார்காரர்கள். ஊருக்குள் மூன்று கி.மீ. தூரத்தை 56 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்றேகால் நிமிடம், 40இல் போனால் நாலரை நிமிடம். கூடுதலாக ஆவது ஒன்றேகால் நிமிடம். அதுவும் இந்த ஊர்களில் காலையில் கார் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறவரும், மாலையில் கோல்ஃப் வண்டியில் மன்றத்துக்குப் போகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.