உரைத்தொகுப்பியில் நிலைமாற்று விசைகள்

உரைத்தொகுப்பியின் ஓர் அமைப்பை முதல் அழுத்தலில் இயக்கி, அடுத்த அழுத்தலில் நிறுத்தும் விசையை நிலைமாற்று விசை என்கிறோம். நிரலாளர்கள் பேச்சில் அது ‘டாகிள்’. வரி எண்களைக் காட்டுவது, நீண்ட வரிகளை மடக்கிக் காட்டுவது, எழுத்துப்பிழைக்கு அடிக்கோடிடுவது, தேடிய சொல்லுக்கு நிறமேற்றுவது, டேபையும் இடைவெளியையும் குறியிட்டுக் காட்டுவது ஆகியவற்றைப் பயனர்கள் வழக்கமாக இப்படி ஒரு விசையில் கட்டிக்கொள்கிறார்கள். மெனுவில் தேட வேண்டியதில்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே விசை எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்வதால், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் கணத்தில் அமைப்பு இருக்கும் நிலைதான் தீர்மானிக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வைக்கும் சுவிட்சுகளும் இப்படித்தான்: சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை, விளக்கைத்தான் பார்க்க வேண்டும். விளக்கு தெரியும் இடத்தில் நிலைமாற்று விசை சிறந்த கருவி. தெரியாத இடத்தில் பிழைக்கு வழி. எந்த அமைப்பை ஒற்றை விசையில் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்ற கேள்வியை இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் என்ற தொகுப்பி, இதற்கான இலக்கணத்தைத் தன் கட்டளைகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘செட் நம்பர்’ என்றால் வரி எண் தோன்றும். ‘செட் நோநம்பர்’ என்றால் மறையும். நம்பர் என்பதற்குப் பின் ஆச்சரியக்குறி இட்டால் இருக்கும் நிலை தலைகீழாகும். கேள்விக்குறி இட்டால் இப்போதைய நிலை என்ன என்று திரையின் கடைசி வரியில் பதில் வரும். ஆச்சரியக்குறி வடிவத்தை விம்ஆர்சி என்ற அமைவுக் கோப்பில் எஃப்5 போன்ற ஒரு விசையோடு இணைத்தால் நிலைமாற்று விசை தயார். விவரம் தெரிந்தவர்கள் அதோடு நிற்பதில்லை. ஒரே செட் கட்டளைக்குள் ஆச்சரியக்குறி வடிவத்தையும் கேள்விக்குறி வடிவத்தையும் அடுத்தடுத்து எழுதிவிடுகிறார்கள். விசையை அழுத்தியதும் நிலை மாறுகிறது, மாறிய நிலையின் பெயரும் அடியில் வந்து நிற்கிறது. வரி எண்ணுக்கு இது மிகைதான், எண்களே கண்முன் தோன்றி மறைகின்றன. தேடலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கச் சொல்லும் ‘இக்னோர்கேஸ்’ அமைப்புக்கோ இது இல்லாமல் தீராது. அது மாறும்போது பெரும்பாலும் திரையில் எதுவும் தெரிவதில்லை. அடுத்த தேடலில் சொல் அகப்படாமல் போகும். கோப்பில் அந்தச் சொல்லே இல்லை என்று பயனர் முடிவுகட்டிவிடவும் கூடும்.

நிலை ஒன்றுதான் என்ற எண்ணமே சில நேரம் தவறாகிவிடும். விம்மில் வரி எண்ணும் வரி மடக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி அமைப்புகள். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு சாளரத்தில் மட்டும் விசையை அழுத்தினால், ஒன்றில் எண் இருக்கும், மற்றதில் இருக்காது. எல்லாச் சாளரங்களிலும் ஒரு கட்டளையை ஓடவிடும் ‘விண்டூ’வுடன் ஆச்சரியக்குறி வடிவத்தைச் சேர்த்து இதைச் சரிசெய்யப் பார்த்தால், இரண்டு சாளரங்களும் நிலையைத் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளுமே தவிர ஒன்றுபடா. ஒன்றுபடுத்த ‘செட் நம்பர்’ என்ற நேர்க் கட்டளைதான் வேண்டும். எத்தனை முறை கொடுத்தாலும் அதன் விளைவு ஒன்றே.

ஈமாக்ஸின் வரலாறு இதே பாடத்தை நிரல் அளவில் காட்டுகிறது. 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் தொடங்கி, 1985இல் குனூ ஈமாக்ஸாக வெளிவந்த இந்தத் தொகுப்பியில், கூடுதல் வசதிகள் ‘மைனர் மோட்’ என்ற வடிவில் இருக்கின்றன. பயனர் ஒரு மைனர் மோடை அதன் பெயரால் அழைத்தால் அது மாறும். நேர் எண்ணோடு அழைத்தால் இயங்கும். சுழியோ எதிர் எண்ணோ கொடுத்தால் நிற்கும். இவ்வளவும் கைக்கு வசதி. ஆனால் அமைவுக் கோப்பிலிருந்து லிஸ்ப் நிரலாக எண் இல்லாமல் அழைத்தபோதும் அது மாறவே செய்தது. ஒரு கோப்பு வகைக்கான துவக்கக் கட்டளை ஏதோ காரணத்தால் இருமுறை ஓடினால், முதல் முறை இயங்கிய வசதி இரண்டாம் முறை அணைந்துவிடும். இதற்குப் பயந்துதான் பழைய அமைவுக் கோப்புகளில் ஒவ்வொரு மோடின் பெயருக்குப் பின்னும் 1 என்ற எண் ஒட்டிக்கொண்டிருந்தது. 2012இல் வந்த ஈமாக்ஸ் 24 இதை மாற்றியது: நிரலிலிருந்து எண் இல்லாமல் அழைத்தால் இனி இயக்கம் மட்டுமே, விசையிலிருந்து அழைத்தால் முன்போல் நிலைமாற்றம். மனிதர் திரையைப் பார்த்துவிட்டு அழுத்துகிறார்; நிரல் பார்ப்பதில்லை. ஒரே பெயருக்கு இரண்டு நடத்தையா என்று அழகியல் நோக்கில் குறை சொல்லலாம். இந்த வேறுபாட்டுக்கு அது சரியான விலை என்றே தோன்றுகிறது.

நிலை தெரியாத நிலைமாற்றத்தின் பெயர்போன உதாரணம் இன்செர்ட் விசை. கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் மூன்றுக்கும் விசைப்பலகையிலேயே சிறு விளக்கு வைத்தவர்கள், இருக்கும் எழுத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போகும் நிலையைத் தரும் இன்செர்ட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. பேக்ஸ்பேசுக்குப் பக்கத்தில் தவறுதலாக விரல் பட்டு, அடுத்த சொற்கள் விழுங்கப்படுவது தெரியாமலே ஒரு வரி எழுதியவர்கள் உலகெங்கும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டின் பிந்தைய பதிப்புகள், பயனர் கேட்டு இயக்கினாலன்றி இன்செர்ட் விசைக்கு அந்த வேலையைக் கொடுப்பதில்லை. விம்மின் ‘பேஸ்ட்’ அமைப்பு இன்னொரு வகைச் சிக்கல். வெளியிலிருந்து ஒட்டும் உரை தானியங்கி உள்ளடைவால் படிப்படியாகக் கோணிப்போகாமல் இருக்க அதை இயக்குவார்கள். இயங்கியதும், எழுதும் நிலையில் பயனர் வகுத்த விசை இணைப்புகள் எல்லாம் செயலிழக்கும். அதை அணைப்பதற்கென்று வகுத்த விசையும் அவற்றோடு சேர்ந்து போகும். இதற்காகவே ‘பேஸ்ட்டாகிள்’ என்று தனி அமைப்பு ஒன்றைத் தர வேண்டியிருந்தது. ஒட்டப்படும் உரையை முனையமே அடையாளம் காட்டும் வசதி பரவிய பிறகு அதன் தேவை குறைந்தது. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் அதை நீக்கியே விட்டது.

நிலைகள் என்பவையே கூடாது என்று வாதிட்டவர்களும் உண்டு. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிமோத்தி மாட்டுடன் சேர்ந்து உருவாக்கிய ஜிப்சி தொகுப்பியிலிருந்தே அந்தக் கொள்கையைப் பிடித்து நின்றார். இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கின் 2000இல் வெளியிட்ட நூலில் நிலைமாற்று விசைகளைப் பிழையின் ஊற்றாகவே கண்டார். மாறாக, ஷிஃப்ட் விசையைப் போல அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் நீடிக்கும் நிலையைப் பரிந்துரைத்தார். அதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. அபிகெய்ல் செல்லன், கார்டன் கர்ட்டன்பாக், வில்லியம் பக்ஸ்டன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட சோதனைகளில், திரையில் காட்டும் அடையாளத்தைவிட, காலால் மிதித்துப் பிடித்திருக்கும் மிதிகட்டையின் உணர்வு நிலைக்குழப்பத்தை நன்றாகக் குறைத்தது. இந்த வாதத்தின் பாதியை ஏற்கத்தான் வேண்டும்: தட்டச்சின் பொருளையே மாற்றும் நிலைகளுக்கு இது முழுமையாகப் பொருந்தும். ஆனால் வரி எண் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் ஒரு மணி நேரம் விசையை அழுத்திப் பிடித்திருக்க முடியாது. தவிர, விம்மும் ஈமாக்ஸும் ஓடும் மரபான எழுத்துமுனையம் விசை அழுத்தப்பட்டதை மட்டுமே தொகுப்பிக்குச் சொல்லும், கையெடுத்ததைச் சொல்லாது.

கோப்பு வகையைப் பார்த்து எல்லாவற்றையும் தானாகவே அமைத்துவிட்டால் விசையே எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். உள்ளடைவின் அகலம் போன்றவற்றுக்கு இது சரியான வாதம். அவை கோப்பின் குணங்கள், எடிட்டர்கான்ஃபிக் கோப்பிலோ தொகுப்பியின் தானியங்கிக் கட்டளைகளிலோ இருக்க வேண்டியவை. நிலைமாற்று விசையில் இடம்பெறத் தக்கவை, வாசிப்பவரின் அப்போதைய நோக்கத்தோடு மாறுபவை. மேக்ஃபைலில் கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும், இடைவெளியில் தொடங்கினால் பிழை. பைதான் 3 இரண்டையும் குழப்பிக் கலந்தால் நிரலை ஓட்டவே மறுக்கும். அந்தப் பிழையைத் தேடும் இரண்டு நிமிடங்களுக்கு டேபையும் இடைவெளியையும் பிரித்துக் காட்டும் குறிகள் வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவை கண்ணை உறுத்தும் தூசி. எந்தத் தானியங்கி அமைப்பாலும் இதை ஊகிக்க முடியாது.

விசைகள் குறைவே என்ற ஆட்சேபம் இவற்றைவிட வலுவானது. எஃப் வரிசையில் பன்னிரண்டுதான். அவற்றில் எஃப்5 முதல் எஃப்9 வரையே பயனருக்கென்று ஈமாக்ஸ் மரபு ஒதுக்குகிறது. மடிக்கணினிகளில் ஒலியும் வெளிச்சமும் அதே விசைகளுக்குப் போட்டியிடுகின்றன. இயக்க ஒன்று, அணைக்க ஒன்று என்று இரட்டிப்பாக்க இடம் ஏது? விம்முக்காக டிம் போப் எழுதிய அன்இம்பேர்ட் செருகுநிரல் இதற்கு நல்ல விடை தருகிறது. அதில் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எழுத்து: வரி எண்ணுக்கு என், மடக்குக்கு டபிள்யூ, எழுத்துப்பிழைக்கு எஸ். இடப்புற அடைப்புக்குறியும் ஓ என்ற எழுத்தும் முன்னே வந்தால் அமைப்பு இயங்கும், வலப்புற அடைப்புக்குறியும் ஓவும் வந்தால் அணையும், ஒய்யும் ஓவும் வந்தால் மாறும். மூன்று செயல்களுக்கும் எழுத்து ஒன்றே என்பதால் நினைவுச் சுமை மும்மடங்காவதில்லை. மூன்று விசைகளை அழுத்த வேண்டியிருக்கிறது என்பது உண்மை. ஒற்றை விசைகளை, நாள் முழுதும் கை தேடும் இரண்டு மூன்று அமைப்புகளுக்கு மட்டும் மிச்சம் வைக்கலாம்.

கண்ணுக்குத் தெரிவது என்ற அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தாது. விஎஸ் கோட் என்ற தொகுப்பியில் கண்ட்ரோல்-எம், டேப் விசையின் வேலையை மாற்றுகிறது: உரையில் டேபைச் சேர்ப்பதற்குப் பதிலாக, திரையின் அடுத்த பகுதிக்குக் கவனத்தை நகர்த்தும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையை மட்டும் நம்புபவர் தொகுப்பிக்குள் சிக்காமல் வெளியேற இது அவசியம். தவறுதலாக அழுத்தியவருக்கோ டேப் பழுதாகிவிட்டது போலிருக்கும். நிலைப்பட்டையில் தோன்றும் சிறு அறிவிப்பைக் கவனித்தால்தான் காரணம் புரியும். பார்வையற்றவர்களுக்கு நிலைப்பட்டையும் உதவாது. டி. வி. ராமன் உருவாக்கிய ஈமாக்ஸ்பீக்கில், மோட் இயங்கும்போது ஓர் ஒலி, அணையும்போது வேறோர் ஒலி. மாற்றம் நடந்தது என்று மட்டும் சொல்லும் பொதுவான மணியோசை போதாது. எந்தப் பக்கம் மாறியது என்று சொல்ல வேண்டும்.

தமிழில் நிரலும் உரையும் எழுதுபவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல், ஏனெனில் அவர்கள் மிக அதிகமாக அழுத்தும் நிலைமாற்று விசை மொழியை மாற்றும் விசைதான். இயங்குதளத்தின் மொழிமாற்றியைத் தமிழில் விட்டுவிட்டு விம்மின் கட்டளை நிலைக்குத் திரும்பினால், ஜே என்று நினைத்து அழுத்தும் விசை ஒரு தமிழ் எழுத்தை அனுப்பும். கட்டளை எதுவும் நடக்காது. மாற்றியை இயங்குதளத்திடம் விடாமல் தொகுப்பிக்குள் வைத்தால் இது தீரும். ஈமாக்ஸில் கண்ட்ரோலுடன் பின்சாய்கோடு, தமிழ் இன்ஸ்கிரிப்ட் போன்ற உள்ளீட்டு முறையை மாற்றுகிறது. கண்ட்ரோலோடு தொடங்கும் கட்டளைகளை அது தொடுவதில்லை, நிலைவரியின் தொடக்கத்தில் முறையின் அடையாளமும் இருக்கும். விம்மில் இதற்கு ‘கீமேப்’ அமைப்பு உண்டு. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்துக்கான கோப்பு ஒன்று விம்முடனேயே வருகிறது, யூனிகோடுக்குப் பயனர் தாமே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். உரை எழுதும் நிலையிலேயே கீமேப்பை இயக்கவும் அணைக்கவும் முடியும். அது எழுதும்போதும், தேடும்போதும், ஓர் எழுத்தைக் குறிப்பிடச் சொல்லும் ஒருசில கட்டளைகளிலும் மட்டுமே செயல்படும், மற்ற கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். நிலையைக் காட்டும் இடத்தையும் விம் நன்றாகவே தேர்ந்தது: வரைகலைப் பதிப்பில் கீமேப் இயங்கும்போது இடஞ்சுட்டிக்கு ‘எல்கர்சர்’ என்ற பெயரில் வேறொரு நிறத்தைப் பயனர் கொடுத்துவைக்கலாம். எழுதுபவரின் கண் அங்கேதான் இருக்கும், திரையின் ஓரத்தில் அல்ல.