புதுச்சேரித் தமிழரின் குடும்பப்பெயர்த் தேர்வு: 'லப்போர்த்' பெயரை முன்வைத்து

முன்னுரை

தமிழர் பெயரமைப்பில் தந்தை பெயரின் முதலெழுத்து இயற்பெயருக்கு முன் நிற்கும். தலைமுறைதோறும் அது மாறும். மாறாது தொடரும் குடும்பப்பெயர் நம்மிடையே பொதுவழக்கன்று. எனினும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் தாங்கிய தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. இதனை அயல்மோகமாகக் கருதுவோர் உண்டு. அக்கருத்தை 'லப்போர்த்' என்னும் பெயரின்வழி மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலணி வழக்கு

வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873ஆம் ஆண்டு ஐரோப்பியக் காலணியுடன் புதுச்சேரி நீதிமன்றத்தினுள் நுழைந்தபோது தடுக்கப்பட்டார். இந்தியர் காலணியைக் கழற்றியே நுழைதல் வேண்டும் என்பது அங்கு நிலவிய வழக்கம். அவர் பாரிசின் உச்ச முறையீட்டு மன்றம் வரை சென்று வெற்றி பெற்றார். உடை, பெயர் போன்ற புற அடையாளங்கள் உரிமையோடு பிணைந்தவை என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

1881ஆம் ஆண்டு ஆணை

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, இருபத்தோரு வயது நிரம்பிய இருபாலரும், சாதி சமய வேறுபாடின்றி, தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. துறந்தபின் மீள இயலாது. துறப்போர் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் உரிய குடும்பப்பெயர் ஒன்றைத் தெரிவித்தல் வேண்டும். இவர்கள் 'ரெனோன்சான்', அதாவது துறந்தோர் எனப்பட்டனர். கிறித்தவரும் ஒடுக்கப்பட்டோரும் இவர்களுள் மிகுதி.

இவ்வியக்கத்திற்குத் தலைமையேற்ற பொன்னுத்தம்பி, 'பிள்ளை' என்னும் பட்டத்தை விடுத்து 'லப்போர்த்' என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் 'போர்த்' என்பது கதவு, வாயில் எனப் பொருள்படும். இயற்பெயரை அவர் கைவிடவில்லை; நீங்கியது சாதிப்பட்டமே. மரபுச் சட்டத்தைக் காக்க முனைந்த அணியின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் தம் பட்டத்துடனேயே அரசியல் நடத்தினார். இருவர் பெயர்களிலும் இருவேறு சமூக நோக்குகள் வெளிப்படுகின்றன.

பெயரும் குடியுரிமையும்

1884இல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என வாக்காளர் பட்டியல் மூன்றாக்கப்பட்டது. சட்டத்தால் பிரெஞ்சுக்காரரோடு ஒன்றியோர் வாக்குரிமையில் தனித்தே நிறுத்தப்பட்டனர். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாதங்களுக்குள் எழுத்துவழி விருப்பம் தெரிவிக்க வேண்டியிருந்தது. எனவே ஒரே குடும்பப்பெயர் கொண்டோர் இரு நாட்டவராகும் நிலையும் உருவானது.

முடிவுரை

புதுச்சேரியின் மேற்கே விழுப்புரம் சாலையில் அமைந்த ரெட்டியார்பாளையத்தின் ஊர்ப்பெயரிலேயே ஒரு பட்டம் நிலைத்துள்ளது. ஊர்ப்பெயரில் காலங்காலமாக நிலைக்கும் பட்டத்தை மனிதர் தம் பெயரிலிருந்து ஒரே கையெழுத்தால் நீக்க இயலும் என்பதை 1881ஆம் ஆண்டு ஆணை காட்டியது. பெயரில் பட்டம் நீங்கியதால் சமூகத்தில் சாதி நீங்கிவிடவில்லை. எனினும் தம் பெயரைத் தாமே தேர்ந்த அச்செயலை வெறும் போலச்செய்தலாகக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழ்ச் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் வைத்தே அதனை மதிப்பிடுதல் வேண்டும்.